எலியின் சர்க்கரை குறைந்தது, சரி... அளந்தது எதை?

"சர்க்கரை நோய்க்குப் புதிய மருந்து, எலிகளிடம் சோதனை வெற்றி!" இந்தத் தலைப்பில் ஒரு செய்தி அவ்வப்போது ஏதாவது ஒரு பத்திரிகையில் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் யாராவது அதைக் கத்தரித்துக்கூட வைப்பார்கள். அதற்கப்புறம் அந்த மருந்தைப் பற்றி ஒரு சத்தமும் இருக்காது. ஏன் என்று கேட்டால், எலி வேறு மனிதன் வேறு என்று பதில் வரும். உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது அந்த எலியிடமாவது வேலை செய்ததா? செய்தது என்று எதை அளந்து சொன்னார்கள்?

(எலி என்று சொன்னாலும் இங்கே பேசப்படுவது சுண்டெலி. 25 கிராம் எடை, நிமிடத்துக்கு 500-க்கு மேல் இதயத் துடிப்பு, உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 2 மில்லி. இந்த 2 மில்லியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை சர்க்கரை நோயில் பெரும்பாலும் இன்சுலின் இல்லாமல் போவதில்லை, குறைந்தபட்சம் ஆரம்பத்தில். இன்சுலின் இருக்கும், உடம்பு அதன் பேச்சைக் கேட்காது. வீட்டில் பார்த்திருப்பீர்கள். அம்மா ஒரு தடவை மெதுவாகக் கூப்பிட்டால் ஓடி வரும் பிள்ளை உண்டு. தொண்டை கிழியக் கத்தினால் மட்டும் அசையும் பிள்ளையும் உண்டு. இன்சுலின்தான் அந்தக் கூப்பாடு. தசை, கல்லீரல், கொழுப்பு மூன்றும் பிள்ளைகள். எவ்வளவு குறைந்த குரலுக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்பதுதான் இன்சுலின் உணர்திறன். அது குறைந்துபோனால் இன்சுலின் எதிர்ப்பு.

இதில் கவனிக்க வேண்டியது, பிள்ளைகள் கடைசியில் சாப்பிட வந்துவிட்டார்கள் என்பதை மட்டும் வைத்து அம்மா எவ்வளவு கத்தினாள் என்று சொல்ல முடியாது. ரத்தத்தில் சர்க்கரை சரியாகவே இருக்கும். அதைச் சரியாக வைத்திருக்கக் கணையம் மூன்று மடங்கு இன்சுலினைக் கொட்டிக்கொண்டிருக்கலாம். ஆக, சர்க்கரையை அளப்பது வேறு, உணர்திறனை அளப்பது வேறு. கேட்டால் சாதாரணமாகத் தோன்றும் இந்த வித்தியாசத்தைத்தான் பல ஆராய்ச்சிக் கட்டுரைகள் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகின்றன.

இந்த வித்தியாசம் நேற்று தெரிந்ததல்ல. லண்டனில் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் என்ற டாக்டர் நோயாளிகளுக்குக் குளுக்கோஸையும் இன்சுலினையும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குச் சர்க்கரை ஏறவில்லை, சிலருக்கு இன்சுலின் கொடுத்தும் ஏறியது. இன்சுலினுக்குக் கட்டுப்படும் சர்க்கரை நோய், கட்டுப்படாத சர்க்கரை நோய் என்று இரண்டு உண்டு என அவர் 1936-ல் எழுதினார். இன்சுலின் கண்டுபிடித்து 15 வருடம்கூட முழுதாக ஆகவில்லை அப்போது!

மனிதர்களிடம் இதைத் துல்லியமாக அளக்க பால்டிமோரில் ரூபன் ஆண்ட்ரஸ் 1960-களில் ஒரு முறையை உருவாக்கினார். 1979-ல் ரால்ஃப் டிஃப்ரான்ஸோ, ஜோர்டன் டோபின் இருவருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. பெயர் 'க்ளாம்ப்'. தச்சர் மரத்தை அசையாமல் இறுக்கிப் பிடிக்க வைத்திருப்பாரே, அதே க்ளாம்ப். ஒரு நரம்பு வழியாக இன்சுலினை ஒரே வேகத்தில் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். சர்க்கரை இறங்கப் பார்க்கும். இறங்க விடாமல் இன்னொரு பக்கம் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். 5 நிமிடத்துக்கு ஒரு முறை சர்க்கரையைப் பார்த்துப் பார்த்துக் குளுக்கோஸின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, ஒரே அளவில் இறுக்கிப் பிடித்து வைப்பார்கள். கடைசியில் குளுக்கோஸ் எந்த வேகத்தில் தேவைப்பட்டது என்பதுதான் விடை. நிறைய தேவைப்பட்டால் உடம்பு இன்சுலின் பேச்சை நன்றாகக் கேட்கிறது. கொஞ்சமே போதும் என்றால் கேட்கவில்லை. அம்மாவின் குரலை ஒரே அளவில் வைத்துவிட்டு, எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று எண்ணுவது மாதிரி.

இதை மனிதனிடம் செய்யலாம், கையை நீட்டுங்கள் என்றால் நீட்டுவான். எலி நீட்டாது. அதனால் எலி ஆராய்ச்சியில் பெரும்பாலான இடங்களில் நடப்பது சுலபமான வழி.

சுலப வழிகள் இரண்டு. முதலாவது, எலியைப் பட்டினி போட்டு, வயிற்றில் குளுக்கோஸ் ஊசி போட்டு, வாலின் நுனியிலிருந்து சொட்டு ரத்தம் எடுத்து, வீட்டில் வைத்திருக்கும் அதே மாதிரி குளுக்கோமீட்டரில் 15, 30, 60, 120 நிமிடங்களில் சர்க்கரை பார்ப்பது. இது குளுக்கோஸ் டாலரன்ஸ் டெஸ்ட். இரண்டாவது, குளுக்கோஸுக்குப் பதில் இன்சுலினை ஊசி போட்டு சர்க்கரை எப்படி இறங்குகிறது என்று பார்ப்பது. இது இன்சுலின் டாலரன்ஸ் டெஸ்ட். ஒரு மாணவர் ஒரு காலைப் பொழுதில் இருபது எலிகளுக்குச் செய்துவிடலாம். இரண்டு கோடு வரைந்தால் படம் ரெடி. ஒரு கோடு இன்னொன்றுக்குக் கீழே போனால் கட்டுரையின் தலைப்பில் "இன்சுலின் உணர்திறன் மேம்பட்டது".

முதல் சோதனை இந்தத் தலைப்புக்குச் சுத்தமாக உதவாது. குளுக்கோஸ் போட்டதும் கணையம் எவ்வளவு இன்சுலின் சுரந்தது என்பதும் அந்தக் கோட்டில் கலந்திருக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதுதான் வில்லங்கமானது, ஏனென்றால் அது பார்ப்பதற்கு உணர்திறனை அளப்பது போலவே இருக்கும்.

ஊசியிலிருந்தே ஆரம்பிக்கலாம். வழக்கமான அளவு கிலோவுக்கு அரை யூனிட்டிலிருந்து 1 யூனிட் வரை. 25 கிராம் எலிக்குக் கிலோவுக்கு 1 யூனிட் என்றால் 0.025 யூனிட். மருந்துக்கடையில் கிடைக்கும் 100 யூனிட் இன்சுலினில் ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கும். 0.025 யூனிட் என்பது அதில் ஒரு மில்லியின் நாலாயிரத்தில் ஒரு பங்கு. எந்த சிரிஞ்சிலும் எடுக்க முடியாது. அதனால் சலைனில் பல மடங்கு கலந்து நீர்க்கச் செய்ய வேண்டும். நீர்த்துப்போன இன்சுலினுக்கு ஒரு கெட்ட குணம்: கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அல்புமின் மாதிரி ஏதாவது ஒரு புரதம் சேர்க்காமல் காலையில் கலந்து மதியம் போட்டால், குழாயில் இருக்க வேண்டிய இன்சுலினில் ஒரு பகுதி குழாயின் சுவரில் இருக்கும். காலையில் ஊசி போட்டுக்கொண்ட எலிகள் மருந்து கொடுத்த கூட்டமாகவும், மதியம் போட்டுக்கொண்டவை மருந்து கொடுக்காத கூட்டமாகவும் இருந்துவிட்டால்? அருமையான வித்தியாசம் கிடைக்கும். மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

அடுத்தது எடைக் கணக்கு. கொழுப்புத் தீனி போட்டு வளர்த்த எலி 50 கிராம், சாதாரணத் தீனி தின்ற எலி 25 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் குண்டு எலிக்கு இரண்டு மடங்கு இன்சுலின் போகிறது. ஆனால் அதன் கல்லீரலும் தசையும் இரண்டு மடங்காகவில்லை. கூடியதில் பெரும்பகுதி கொழுப்பு. குளுக்கோஸ் சோதனையில் இதே கணக்கு குண்டு எலியை உள்ளதைவிட மோசமாகக் காட்டும். இன்சுலின் சோதனையில் உள்ளதைவிட நல்லதாகக் காட்டும். ஒரே தராசு, இரண்டு பொய்! கொழுப்பு நீங்கலான எடையை வைத்து அளவு போட வேண்டும் என்று அனுபவசாலிகள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

படம் வரைவதிலும் ஒரு வித்தை இருக்கிறது. ஒரு கணக்குக்காக, குண்டு எலி 250-ல் ஆரம்பித்து 150-க்கு இறங்குகிறது. ஒல்லி எலி 150-ல் ஆரம்பித்து 75-க்கு இறங்குகிறது. அப்படியே வரைந்தால் குண்டு எலிக்கு 100 புள்ளி இறக்கம், ஒல்லிக்கு 75 தான். சதவீதமாக மாற்றி வரைந்தால் குண்டு எலிக்கு 40 சதவீதம், ஒல்லிக்கு 50. யார் ஜெயித்தது? எந்தப் படத்தை அச்சடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதில் திருட்டுத்தனம் எதுவும் தேவையில்லை. நல்ல எண்ணத்தோடேயே ஒருவர் தனக்குப் பிடித்த படத்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.

இன்னொன்று, உடம்பு சும்மா இருக்காது. சர்க்கரை வேகமாக இறங்கும்போது குளுக்ககான், அட்ரினலின் எல்லாம் கிளம்பி வந்து அதைத் தூக்கி நிறுத்தப் பார்க்கும். ஆக, அரை மணி நேரத்துக்குப் பிறகு அந்தக் கோட்டில் தெரிவது இன்சுலினின் வேலை மட்டுமல்ல. இன்சுலினுக்கும் அதன் எதிரிகளுக்கும் நடக்கும் கயிறு இழுப்புப் போட்டி. கோடு கீழே போனால் இன்சுலின் பலமா, எதிர்ப்பக்கம் பலவீனமா என்று அந்தக் கோடு சொல்லாது. (ஒரு காலத்தில் இன்சுலின் மருந்தின் வீரியத்தையே எலிகளை வைத்துத்தான் சோதித்தார்கள். ஊசி போட்டபின் எத்தனை எலிகளுக்கு வலிப்பு வருகிறது என்று எண்ணுவார்கள். சர்க்கரை ரொம்பவும் இறங்கினால் எலிக்கு என்ன ஆகும் என்பது அந்தக் காலத்திலேயே நன்றாகத் தெரியும்.)

பட்டினி விஷயம் எல்லாவற்றையும்விட மோசம். மனிதர்களுக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பது வழக்கம். அதையே எலிக்கும் அப்படியே செய்தார்கள்: மாலையில் தீனியை எடுத்துவிட்டு மறுநாள் காலையில் சோதனை. ஆனால் எலி ராத்திரிப் பிராணி, தீனியின் பெரும்பகுதியை இருட்டில்தான் தின்னும். அந்த ஒரு ராத்திரிப் பட்டினியில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 70 கிலோ மனிதன் ஒரே ராத்திரியில் 7 கிலோ இளைப்பதை யோசித்துப் பாருங்கள். கல்லீரலில் சேமித்த கிளைகோஜன் கிட்டத்தட்ட காலி. இதில் வேடிக்கை என்னவென்றால், நீண்ட பட்டினி மனிதனின் தசையை இன்சுலினுக்கு மந்தமாக்கும்; எலியின் தசையையோ சுறுசுறுப்பாக்கும். நேர் எதிர்! மனித நோயைப் படிக்க வந்தவர்கள், எலியை மனிதனுக்கு நேர் எதிரான நிலைமைக்குக் கொண்டுபோய்விட்டு அளக்கிறார்கள். காலையில் தீனியை எடுத்துவிட்டு 5, 6 மணி நேரம் கழித்துச் செய்தால் இந்தக் கோளாறு பெரும்பாலும் போய்விடும். அதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது. ஆனாலும் ராத்திரிப் பட்டினி இன்னும் ஒழியவில்லை, ஏனென்றால் சீனியர் அப்படித்தான் செய்தார், அவருடைய சீனியரும் அப்படித்தான் செய்தார்.

ரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 22.5-ஆல் வகுக்கும் ஒரு சூத்திரமும் உண்டு. 1985-ல் ஆக்ஸ்ஃபோர்டில் மனிதர்களுக்காகச் செய்தது. 22.5 என்ற எண்ணே சாதாரண மனிதனின் சர்க்கரையும் இன்சுலினும் பெருக்கி வந்தது. கொஞ்ச நேரப் பட்டினிக்குப் பிறகும் சர்க்கரை 150 பக்கத்தில் இருக்கிற பிராணிக்கு அதைப் போட்டுப் பார்ப்பது, பெரியவர் சட்டையைக் குழந்தைக்குப் போட்டு அளவு சரியா என்று கேட்பது போலத்தான்.

சரி, இவ்வளவு நுணுக்கம் பார்க்க வேண்டுமா, கோடு இறங்குகிறதா இல்லையா என்று பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு உதாரணம். பாஸ்டனில் ஜாஸ்லின் சர்க்கரை நோய் மையத்தில் ரொனால்ட் கானின் குழு, தசையில் மட்டும் இன்சுலின் ஏற்பி இல்லாத சுண்டெலிகளை உருவாக்கி 1998-ல் வெளியிட்டது. சாப்பிட்ட சர்க்கரையைப் பெரிய அளவில் வாங்கிக்கொள்வது தசைதான் என்பது பாடப்புத்தக உண்மை. அந்தத் தசைக்கு இன்சுலினின் குரலே கேட்கவில்லை என்றால் எலிக்குக் கடும் சர்க்கரை நோய் வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தது. ரத்தத்தில் இன்சுலின் சரியாக இருந்தது. குளுக்கோஸ் டாலரன்ஸ் டெஸ்ட்டும் சரி. கொழுப்பு மட்டும் கூடியிருந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் தசையின் இன்சுலின் எதிர்ப்பு ஒரு பொருட்டே இல்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

2000-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மனின் குழுவோடு சேர்ந்து அதே எலிகளை க்ளாம்ப்பில் வைத்துப் பார்த்தார்கள். இன்சுலின் தூண்டுதலில் தசைக்குள் போக வேண்டிய குளுக்கோஸ் சுமார் 80 சதவீதம் குறைந்திருந்தது. கொழுப்புத் திசுவுக்குள் போவது சுமார் 3 மடங்கு கூடியிருந்தது! அதாவது பெரிய பிள்ளை காது கேளாமல் உட்கார்ந்திருக்க, சின்னப் பிள்ளை அவன் பங்கையும் சேர்த்துத் தின்று குண்டாகிக்கொண்டிருந்தான். தட்டு காலியானதை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை. தசையில் எதிர்ப்பு வந்தால் ஏன் கொழுப்பு கூடுகிறது என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில் கிடைத்தது. குளுக்கோமீட்டரும் வால் நுனியும் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பதில் கிடைத்திருக்காது.

அப்படியானால் எலிக்கு க்ளாம்ப் செய்வது எப்படி? மேலே சொன்ன 2 மில்லி ரத்தம் ஞாபகம் இருக்கிறதா? இங்கேதான் அது வேலைக்கு வருகிறது.

முதலில் ஆபரேஷன். மயக்கம் கொடுத்து, கழுத்தில் ஒரு ரத்தக் குழாயில் மெல்லிய குழல், அதாவது ஜுகுலர் சிரையில், இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்ற. இன்னொரு குழல் கரோடிட் தமனியில், ரத்தம் எடுக்க. அந்தத் தமனி ஒரு தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் பருமன். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்துச் செய்ய வேண்டும். குழல்களைத் தோலுக்கு அடியில் கொண்டுபோய், எலி கடிக்க முடியாதபடி பிடரிக்குப் பின்னால் வெளியே எடுத்து மூடி வைப்பார்கள். பிறகு குறைந்தது 5 நாள் ஓய்வு. ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த எடையில் பத்தில் ஒன்பது பங்காவது திரும்பி வராத எலியைச் சோதனைக்கு எடுக்கக் கூடாது. எடுத்தால் அளப்பது இன்சுலினை அல்ல, ஆபரேஷனின் வலியை.

சோதனை நாளில் எலி மயக்கத்தில் இல்லை, கட்டியும் போடப்படவில்லை. தன் பாட்டுக்கு அதன் டப்பாவில் நடமாடிக்கொண்டிருக்கும், பிடரியிலிருந்து குழல்கள் மேலே போகும். 2 மணி நேரம், 10 நிமிடத்துக்கு ஒரு சொட்டு. எடுக்கும் ஒவ்வொரு சொட்டும் அதன் மொத்த ரத்தத்தில் கணிசமான பங்கு என்பதால், வேறொரு எலியின் சிவப்பணுக்களைக் கழுவி, சோதனை முழுக்க மெதுவாகத் திரும்ப ஏற்றிக்கொண்டிருப்பார்கள். இல்லையென்றால் ரத்தசோகை வந்து கணக்கு கெட்டுவிடும். ட்ரிடியம் சேர்த்த குளுக்கோஸையும் கொஞ்சம் ஓட விடுவார்கள். தொட்டியில் சாயம் கலந்துவிட்டு, சாயம் எவ்வளவு வேகமாக வெளிறுகிறது என்று பார்த்தால் எங்கிருந்தோ புதுத் தண்ணீர் வருவது தெரியும் அல்லவா, அதே தந்திரம். இங்கே புதுத் தண்ணீர் என்பது கல்லீரல் தயாரித்து ஊற்றும் குளுக்கோஸ். இப்படித்தான் மருந்து கல்லீரலில் வேலை செய்ததா, தசையில் வேலை செய்ததா என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. கடைசியில் எலியைக் கொன்று திசுக்களை எடுப்பார்கள். அதை மறைப்பதற்கில்லை.

க்ளாம்ப் ஒன்றும் கடவுள் வாக்கு இல்லை. இன்சுலினை ரொம்ப அதிகமாக ஏற்றினால் கல்லீரல் எல்லா எலியிலும் முழுதாக அடங்கிப்போய் வித்தியாசமே தெரியாமல் போகும். தமனியில் குழல் வைக்கத் தெரியாமல் வால் நுனியை வெட்டி ரத்தம் எடுத்தால், எலிக்கு அட்ரினலின் வகை ஹார்மோன்கள் எகிறுகின்றன என்று அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஹூலியோ அயாலாவின் குழு 2006-ல் காட்டியது. க்ளாம்ப் செய்தோம் என்று ஒற்றை வரி எழுதியிருந்தால் அதை நம்பிவிட வேண்டியதில்லை.

இதற்கெதிரான வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். க்ளாம்ப்புக்கு ஆபரேஷன் தெரிந்த கை வேண்டும், அந்தக் கை தயாராக மாதக்கணக்கில் ஆகும். பழகும்போது எலிகள் சாகும். கதிரியக்கப் பொருள் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். ஒரு நாளில் சில எலிகளுக்குத்தான் செய்ய முடியும். சின்ன ஆய்வகத்தில் இரண்டு மாணவர்களை வைத்துக்கொண்டு இருப்பவரிடம் போய் க்ளாம்ப் செய் என்பது, மாட்டு வண்டி வைத்திருப்பவரிடம் லாரி லோடு கேட்பது மாதிரி.

இந்த வாதம் பாதி சரி. ஐம்பது மருந்துகளில் எதைத் தொடர்ந்து பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்க ஊசி போட்டு வால் ரத்தம் பார்ப்பதில் தப்பே இல்லை. தப்பு, அதற்குக் கொடுக்கும் பெயரில். "இன்சுலின் போட்டபின் சர்க்கரை அதிகமாக இறங்கியது" என்பது கண்ணால் கண்டது. "இன்சுலின் உணர்திறன் மேம்பட்டது" என்பது அதிலிருந்து தாவிப் போன முடிவு. முதல் வாக்கியத்தை எழுத யாருக்கும் காசு செலவில்லை. ஆனால் முதல் வாக்கியத்தை எழுதினால் பெரிய பத்திரிகையில் இடம் கிடைக்காது என்ற பயம். அந்த பயத்தை உண்டாக்கிய பத்திரிகை ஆசிரியர்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு, மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பெரிய முடிவு சொல்லியே ஆக வேண்டும் என்றால் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யலாம். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2001-ல் இதற்கென்றே எலி வளர்சிதைமாற்ற மையங்களை ஏற்படுத்தின. உங்கள் எலியை அனுப்பினால் கட்டணம் வாங்கிக்கொண்டு க்ளாம்ப் செய்து கொடுப்பார்கள். வாண்டர்பில்ட், யேல் எல்லாம் அதில் இருந்தன. அந்த மையங்களில் இருந்தவர்கள் சேர்ந்து 2010-ல் இந்தச் சோதனைகள் ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வது, செய்ததை எப்படி எழுதுவது என்று விளக்கமாக ஒரு கட்டுரையும் வெளியிட்டார்கள். அதே 2010-ல் பிரிட்டனிலிருந்து 'அரைவ்' என்ற விதிமுறைகள் வந்தன: எத்தனை எலி, ஆணா பெண்ணா, எந்த இனம், எப்படி வைத்திருந்தீர்கள் என்பதையெல்லாம் எழுது என்று. 2020-ல் அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள். ஆக, வழி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

எந்த இனம் என்பது வெறும் சம்பிரதாயக் கேள்வி இல்லை. ஆய்வகங்களில் மிக அதிகமாகப் புழங்கும் 'பிளாக் 6' எலியில் ஜாக்ஸன் ஆய்வகத்தின் 'ஜே' வகை, 'என்' வகை என்று இரண்டு கிளைகள். பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்பு. ஆனால் 'ஜே' வகையில் என்.என்.டி என்ற மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது, அதனால் அதன் கணையம் குளுக்கோஸுக்கு இன்சுலின் சுரப்பதில் மந்தம் என்று 2005-ஐ ஒட்டித் தெரியவந்தது. மரபணு மாற்றிய எலி ஒரு வகையிலும், ஒப்பிடுவதற்கு வாங்கிய எலி இன்னொரு வகையிலும் இருந்துவிட்டால் முழு ஆராய்ச்சியும் காணாமல் போன அந்தத் துண்டைப் பற்றியதாகிவிடும், ஆசிரியருக்குத் தெரியாமலே. கட்டுரையில் 'பிளாக் 6' என்று மட்டும் எழுதியிருந்தால் படிப்பவருக்கும் தெரியப்போவதில்லை.

எலியைத் தூக்கும் கையும் கணக்கில் வரும். வாலைப் பிடித்துத் தூக்கினால் எலி மிரள்கிறது, உள்ளங்கையில் ஏந்தியோ சின்னக் குழாயில் ஏற விட்டோ எடுத்தால் அவ்வளவு மிரள்வதில்லை என்று லிவர்பூலில் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் 2010-ல் காட்டினார்கள். மிரண்ட எலிக்குச் சர்க்கரை ஏறும், பரீட்சை ஹாலில் மனிதனுக்கு ஏறுவது மாதிரியே. மருந்து கொடுத்த எலிகளைத் தினமும் தூக்கி மருந்து ஊட்டிப் பழக்கியிருப்பார்கள். ஒப்பீட்டுக்கு வைத்தவற்றைச் சோதனையன்றுதான் முதன்முதலாகத் தொடுவார்கள். அப்புறம் முதல் கூட்டத்தின் சர்க்கரை குறைவாக இருக்கிறது என்று சந்தோஷப்படுவது! :-)

விலங்குகளை வைத்துச் சோதனையே செய்யக் கூடாது என்பவர்களின் கட்சி தனி. அது வேறொரு நாள் பேச வேண்டிய விஷயம். ஆனால் செய்யத்தான் வேண்டும் என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். கொடுமை குறைவு என்று நினைத்துத்தான் பலர் க்ளாம்ப்பைத் தவிர்க்கிறார்கள். ஆனால் விடையே சொல்லாத ஒரு சோதனைக்கு நாற்பது எலிகளை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டு, வாலைக் கீறி, அந்த விடை தப்பென்று இன்னொரு ஊரில் இன்னும் நாற்பது எலிகளை வைத்துக் கண்டுபிடிப்பது எந்த வகையில் கருணை? நன்றாகத் தெரிந்த கையில் எட்டு எலிகளோடு முடிந்திருக்கக்கூடிய கேள்வி அது.

வகுப்பில் யாராவது இந்த மாதிரிக் கட்டுரையைக் கொண்டுவந்தால், படத்துக்குப் போவதற்கு முன் 'செய்முறை' பகுதியைத் திறந்து பாருங்கள். எத்தனை மணி நேரப் பட்டினி, எந்த எடையை வைத்து ஊசி, ஜே வகையா என் வகையா, ரத்தம் எங்கிருந்து எடுத்தது, ஊசி போடும் முன் சர்க்கரை எவ்வளவு. இந்த ஐந்தும் இருந்தால் மேலே படிக்கலாம். 'ராத்திரி முழுக்கப் பட்டினி' என்று ஒரு வரியும் 'உடல் எடைக்கேற்ப இன்சுலின்' என்று ஒரு வரியும் மட்டும் இருந்து, தலைப்பில் 'இன்சுலின் உணர்திறன் மேம்பட்டது' என்று போட்டிருந்தால், பென்சிலை எடுத்து அதை அடித்துவிட்டு 'இன்சுலின் போட்டோம், சர்க்கரை இறங்கியது' என்று மேலே எழுதிக்கொண்டு படியுங்கள்.